சட்னிப் போத்தலுக்குள்ள என்ர தலைமயிர்

1

முதல்ல ஒண்டைச் சொல்லிப்போடுறன். எனக்குக் கான்சர் வந்து இப்ப சுகம். போன மாசம் எடுத்த ஸ்கானிலயும் ஒண்டும் இல்லையாம், அடுத்த வருசம் வரட்டாம். ஊரில இருக்கிற தங்கச்சிமார், பள்ளிக்கூடச் சிநேகிதியள் எல்லாரும் இதை வாசிப்பியள். பாதியில நிப்பாட்டிப்போட்டு எனக்குப் போன் எடுத்து அழக்கூடாது எண்டதுக்காக, முடிவில சொல்ல வேண்டியதை முதலே சொல்லுறன். ஒப்பரேசன் செய்து இந்தக் கிழமையோட மூண்டு வருசம். அதை நினைச்சு ரெண்டு வரி எழுதுவம் எண்டுதான் இருந்தன். ஆனால் இடையில நடந்தது வேற. எழுத்து முன்னுக்குப் பின்னா வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

நாங்கள் இருக்கிறது லண்டன் தோர்ண்டன் ஹீத்தில, ரயில் சத்தம் கேக்கிற தூரத்தில. நான், இவர், மகள் அபிநயா. நான் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில பிள்ளையளுக்கு மத்தியானச் சாப்பாடு போடுறன். இவருக்குப் பெற்றோல் ஷெட்டில ஷிப்ட். அபிக்கு இருபத்தேழு வயசு, கவுன்சிலில, ஊரில நகரசபை மாதிரி, வேலை. வீடில்லாத சனம் எடுக்கிற போனுக்கு நாள் முழுக்க மறுமொழி சொல்ல வேணும். தனிய அறை எடுத்துப் போனவள், நான் வருத்தமாக் கிடக்கேக்க திரும்பி வந்து எங்கட சின்ன அறைக்குள்ள இருந்தாள். எனக்குச் சுகம் வந்த பிறகும் போகேல்லை. கேட்டால், "வெளியில வாடகை கூட அம்மா" எண்டுவாள். நானும் அதை நம்பிக்கொண்டிருந்தன்.

2

அண்டைக்கு வியாழக்கிழமை. ரீச்சர்மாருக்கு ஏதோ பயிற்சியாம், பள்ளிக்கூடம் பூட்டு. வீட்டில சும்மா இருக்க எனக்கு ஏலாது. மெத்தையைப் புரட்டிப் போடுவம் எண்டு கட்டிலை இழுத்தன். என்ர தலைமாட்டுக்கு நேர கீழ, சுவரோட ஒட்டினபடி, ஒரு போத்தல் கிடந்தது. மாங்காய்ச் சட்னிப் போத்தல். மூடியைச் சுத்திக் கறுப்பு மெழுகு ஊத்திக் கிடந்தது.

யன்னல் வெளிச்சத்தில பிடிச்சுப் பார்த்தன். ஒரு பிடி ஆணி. உப்பு. ஏதோ காஞ்ச இலை. ஒரு கடுதாசித் துண்டில கோணல்மாணலா, தமிழில, 'இந்திராணி' எண்டு என்ர பேர். அந்தக் கடுதாசியைச் சுத்தித் தலைமயிர்.

அது என்ர தலைமயிர்.

இப்ப இருக்கிற நரைச்ச, கட்டை மயிரில்லை. மருந்து ஏத்த முதல் இருந்த நீளக் கறுப்பு மயிர். அது கொத்துக் கொத்தாத் தலையணையில கொட்டினதும், நான் பார்க்கேலாமல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினதும் எனக்கு இப்பவும் நினைவிருக்கு. அந்த மயிரை ஆரோ பொறுக்கி வைச்சிருக்கினம். ஐயோ கடவுளே!

லண்டனில எத்தினை வருசம் இருந்தாலென்ன, ஆணியும் மயிரும் பேரும் ஒரு போத்தலுக்குள்ள கிடந்தால் எங்கட ஆக்களுக்கு ஒரு அர்த்தம்தான். செய்வினை. என்ர வருத்தம் அவ்வளவுக்கு முத்தினதே இதாலதான் எண்டு அந்த இடத்திலயே முடிவெடுத்தன். தமிழில எழுதியிருக்கு, அப்ப செய்தது எங்கட ஆள். வருத்தக்காறியைப் பார்க்கிறன் எண்டு சூப்போட வந்து, படுக்கை விரிப்பு மாத்தினது ஆர்? இவரின்ர தமக்கை, ஸ்ட்ரெதத்தில இருக்கிற பவளம் மச்சாள். உடன போனைப் போட்டன்.

"மச்சாள், நான் உங்களுக்கு என்ன குறை விட்டனான்?"

"என்ன இந்திரா, விடியக் காலமை?"

"என்ர கட்டிலுக்குக் கீழ மயிர்ப் போத்தல் வைச்சது நீங்கள்தானே?"

பேந்து வந்தது பாருங்கோ. "உமக்கென்ன விசரோ? வயசாளியளைப் பார்க்கிற கெயார் ஹோமில ஷிப்ட் முடிச்சு வந்தால் முதுகை நிமித்த ஏலாமல் கிடக்கிறன். சொந்த வீட்டுச் சாமிக்கு விளக்கு வைக்கவே எனக்கு நேரமில்லை. இதுக்குள்ள உமக்குச் சூனியம் வைக்க ஆருக்கு நேரம்?" எண்டு கத்திப்போட்டு போனை வைச்சிட்டா.

நான் நம்பேல்லை. செய்வினையை ஓடுற தண்ணியில விட வேணும் எண்டு கேள்விப்பட்டிருக்கிறன். தோர்ண்டன் ஹீத்தில ஓடுற தண்ணிக்கு நான் எங்க போக? எங்கட டொய்லட்டில கொட்டி, தேவாரம் சொல்லிச் சொல்லி மூண்டு தரம் பிளஷ் பண்ணினன். ஆணி பைப்பை அடைச்சுப்போடும் எண்டு அதை மட்டும் கழுவி இவர் சுத்தியல், குறடு வைக்கிற ரூல் பெட்டிக்குள்ள போட்டன், நல்ல ஆணி. வெறும் போத்தலைக் கண்ணாடிக் குப்பைக்குரிய பெட்டிக்குள்ள போட்டன். செய்வினை எண்டாலும் கவுன்சில் சட்டம் சட்டம்தானே. அதுக்குப் பிறகு தலை தோய்ஞ்சு, வாசலில ஒரு தேசிக்காயை வெட்டிப் பிழிஞ்சன். பக்கத்து வீட்டுக் கிழவர் கையைக் காட்டிப்போட்டுப் போனார்.

3

அபி ஐஞ்சரைக்கு வந்தாள். வழமை மாதிரிக் 'ஹாய் அம்மா' எண்டு சொல்லிக்கொண்டு நேர என்ர அறைக்குள்ள போனாள். ஒவ்வொரு நாளும் அப்பிடித்தான் போறவள். உடுப்புப் பெட்டிக்குள்ள ஏதும் தேடப் போறாள் எண்டுதான் நான் நினைக்கிறனான். அண்டைக்குப் போன வேகத்தில குசினிக்கு ஓடி வந்தாள்.

"அம்மா, உங்கட கட்டிலை ஏன் மூவ் பண்ணினீங்கள்?"

"மெத்தை புரட்டினன்."

"கீழ ஒரு ஜார் இருந்தது."

நான் கரண்டியைக் கீழ வைச்சன். "உனக்கெப்பிடியடி தெரியும்?"

"எங்க அம்மா அது? ப்ளீஸ். எங்க?"

"டொய்லட்டில ஊத்திப்போட்டன்."

"எல்லாத்தையுமா? ஹெயரையுமா?"

"ஆணி மட்டும் அப்பாவின்ர பெட்டிக்குள்ள கிடக்கு."

பிள்ளை அப்பிடியே குசினி நிலத்தில இருந்திட்டாள். தொண்டைக்குள்ள இருந்து ஒரு சத்தம் வந்தது, அழுகை எண்டும் சொல்லேலாது. அவளுக்கு நாலு வயசில விரல் கதவுக்குள்ள நசிஞ்சபோதுதான் நான் அந்தச் சத்தத்தைக் கடைசியாக் கேட்டது. பக்கத்தில நானும் நிலத்தில இருந்தன்.

"அது நான் வைச்சது அம்மா. உங்களைப் புரொட்டெக்ட் பண்ண. ஐ ஆம் எ விட்ச்."

சூனியம் செய்யிற பொம்பிளைக்கு எங்கட பாசையில ஒரு சொல்லுத்தான் இருக்கு. அந்தச் சொல்லை நான் பெத்த பிள்ளையின்ர மூஞ்சையைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை. "ஆரடி உனக்குப் பழக்கினது?" எண்டு மட்டும் கேட்டன். யூனிவர்சிட்டியில படிக்கேக்க ஒரு கூட்டமாம், புத்தகங்களாம், இப்ப இணையத்தில ஒரு குழுவாம். ஒருத்தருக்கும் கெடுதல் செய்யிறேல்லையாம். நான் அவளைப் பார்த்தன், ஆரோ வேற வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்தது.

பிறகுதான் அந்தக் கோணல் எழுத்து நினைவு வந்தது. பத்து வருசம் ஒவ்வொரு சனிக்கிழமையும் இழுத்துக்கொண்டு போய்த் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில விட்டனான். அவளின்ர தமிழ்க் கையெழுத்து எனக்குத் தெரியேல்லை. ஏனடி தமிழில எழுதினாய் எண்டு கேட்டன். "உண்மையான பேர் எழுத வேணும் அம்மா. இங்கிலிஷில எழுதினால் அது நீங்கள் இல்லை" எண்டாள்.

4

அபியின்ர அறைக்குள்ள நான் கிழமைக்கு ஒருக்கால் வக்கியூம் பிடிக்கிறனான், ஆனால் ஒண்டையும் வடிவாப் பார்க்கிறேல்லை. அண்டைக்குத்தான் பார்த்தன். அலுமாரித் தட்டில ஊதாத் துணி விரிச்சு மெழுகுதிரியள், கல்லுகள், சாத்திரம் பார்க்கிற ஒரு சீட்டுக்கட்டு, கிண்ணத்தில தண்ணி. சுவரில கலண்டர். பௌர்ணமி, அமாவாசை எல்லாம் சிவப்பு வட்டம். அறையின்ர நாலு மூலையிலயும் உப்பு. அட கோதாரி! அதை எறும்புக்குப் போட்ட மருந்தெண்டு நினைச்சு ஒவ்வொரு கிழமையும் உறிஞ்சி எடுத்தவள் நான். அவள் ஒரு சொல்லுச் சொல்லாமல் ஒவ்வொரு கிழமையும் திரும்பப் போட்டிருக்கிறாள்.

காலமை எழும்பி ஒரு சீட்டு எடுக்க வேணுமாம். வேலைக்குப் போக முதல் ஒரு மெழுகுதிரி, வந்த பிறகு போத்தலைத் தொட்டு ஒரு மந்திரம். பௌர்ணமிக்கு ஒண்டு, அமாவாசைக்கு ஒண்டு, வருசத்தில எட்டுப் பெருநாள். இதுக்கு மேல குழுவில இருக்கிற நாப்பது பேர் தங்கட கவலையை இவளுக்கு எழுதுவினமாம், இவள் சீட்டுப் பார்த்து மறுமொழி சொல்ல வேணுமாம். பகல் முழுக்க வீடில்லாத சனம், மிச்ச நேரத்துக்கு இவையள். மனுசப் பிறவி தாங்குமே?

"உங்கட குழுவில பெரியாக்கள் ஆரும் இல்லையே, ஓய்வெடு பிள்ளை எண்டு சொல்ல?"

"எல்லாரும் அதைத்தான் சொல்லுகினம். களைச்சு பேர்ண் அவுட் ஆயிடுவாய், ஸ்கிப் பண்ணு, மூன் எங்கயும் ஓடாது எண்டு. அவையின்ர அம்மாவுக்குக் கான்சர் இல்லைத்தானே."

"எனக்கும் இப்ப இல்லையடி."

"ஒரு மாசம் புல் மூனை விட்டனான் அம்மா. சரியான களைப்பு, அப்பிடியே படுத்திட்டன். அந்தக் கிழமைதான் உங்களுக்குக் காய்ச்சல் வந்து அம்புலன்ஸில கொண்டு போனது."

அந்த மருந்துக்குக் காய்ச்சல் வரும் எண்டு டொக்டர் முதலே கடுதாசியில எழுதித் தந்தவர். அதைச் சொன்னன். "தெரியும்" எண்டாள். தெரிஞ்சும் அதுக்குப் பிறகு ஒரு நாள் தவறேல்லையாம். அதாலதான் தன்ர அறைக்குத் திரும்பிப் போகவும் இல்லை. வாடகை எண்டது பொய்.

இன்னொண்டும் கிடந்தது. கதிரையில தொங்கின கோட்டுப் பைக்குள்ள டொக்டரின்ர சிக் நோட், சுகமில்லை எண்டு லீவு எடுக்கிற கடுதாசி. பிள்ளை ஐஞ்சு கிழமையா வேலைக்குப் போகேல்லை. காலமை என்னட்டச் சாப்பாட்டுப் பெட்டி வாங்கிக்கொண்டு போய், லைப்ரரி மேசையில தலையை வைச்சுக்கொண்டு இருந்திட்டு, ஐஞ்சரைக்கு வந்திருக்கிறாள். வேலை இடத்தில இருந்து நிரப்பச் சொல்லி ஒரு போம் அனுப்பியிருக்கினம். களைப்புக்குக் காரணம் என்ன எண்டு ஒரு கட்டம். அதுக்குள்ள ஒண்டும் எழுதேல்லை. அடுத்த கிழமை அதை நிரப்பிக் குடுக்காட்டில் வேலைக்கே ஆபத்து.

"என்னத்தை எழுத அம்மா? எங்கட அம்மாவை உயிரோட வைச்சிருக்கிறன் எண்டா?"

என்னைப் பிழைக்க வைச்சது அம்மனும் டொக்டர்மாரும் எண்டு நினைச்சுக்கொண்டு நான் பாட்டுக்குத் திரிஞ்சன். என்ர பிள்ளை, தான் ஒரு நாள் கண்ணயர்ந்தால் அம்மா செத்துப்போவா எண்டு பயந்து, மூண்டு வருசமா நித்திரையில்லாமல் இருந்திருக்கு. ஒரே வீட்டில, ஒரே குசினியில. நான் கண்ணிருந்தும் குருடி.

5

அடுத்த நாள் வெள்ளி. இவருக்கு எல்லாம் சொல்லியாச்சு, மனுசன் பேயறைஞ்ச மாதிரி வேலைக்குப் போனார். அபி தேத்தண்ணிக் கோப்பையோட மேசையில இருந்தாள். முகம் வீங்கிக் கிடந்தது.

"இண்டைக்குப் புல் மூன் அம்மா. ஜார் இல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு."

"ஒண்டும் நடக்காது. தேத்தண்ணியைக் குடி."

"நீங்கள் குடிக்கேல்லையே?"

"வெள்ளியெல்லே. எனக்கு விரதம்."

கோப்பையைக் கீழ வைச்சிட்டு என்னைப் பார்த்தாள். "ஏன் வெள்ளிக்கிழமையில நீங்கள் சாப்பிடுறேல்லை? நான் ஒரு நாளும் கேக்கேல்லை."

சொன்னன். வந்த புதுசில எங்கட அகதிக் கேஸ் இழுபட்டுக்கொண்டு கிடந்தது. ஈலிங் கோயில் அம்மனுக்கு நேர்ந்தன், கேஸ் சரிவரும் மட்டும் வெள்ளி விரதம் பிடிக்கிறன் எண்டு. கேஸ் சரிவந்தது. அப்ப விடுவம் எண்டு பார்த்தால் அபி வயித்தில. சரி, பிள்ளை சுகமாப் பிறக்கட்டும். பேந்து அவளின்ர சோதினை, இவரின்ர நெஞ்சு வருத்தம், அதுக்குப் பிறகு என்ர ஒப்பரேசன். விட்டால் எல்லாம் பறிபோயிடும் எண்டு ஒரு பயம். மருந்து ஏத்தின காலத்திலயும் டொக்டருக்குத் தெரியாமல் பிடிச்சனான். போன மாசம் ஒரு வெள்ளி, பிள்ளையளுக்குப் பாஸ்தா போட்டுக்கொண்டு நிக்கேக்க கண் இருட்டி, ட்ரொலியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். அதை வீட்டில சொல்லேல்லை.

சொல்லி முடிச்சாப் பிறகுதான் நான் என்ன சொன்னன் எண்டு எனக்கே கேட்டது.

அபி சிரிக்கேல்லை. "சின்னனில எனக்குக் கந்தசட்டி விருப்பம். ஆறு நாளும் நீங்கள் ஒருத்தரோடயும் கதைக்கமாட்டீங்கள். ஏழாம் நாள் காலமை, நான் ஸ்கூலுக்குப் போக முதல், வாழையிலையில சோறு, பத்துக் கறி. நீங்கள் சிரிச்சுச் சிரிச்சுச் சாப்பிடுவீங்கள். அதுக்கு என்ன பேர்?"

"பாறணை."

விரதம் முடிஞ்ச அடுத்த நாள் விடிய முழுகி, சமைச்சு, வயிறாரச் சாப்பிட்டு விரதத்தை விடுறதுதான் பாறணை. அது செய்யாட்டில் எத்தினை நாள் பட்டினி கிடந்தாலும் விரதம் முடிஞ்சதா எங்கட ஆக்கள் சொல்லமாட்டினம்.

"என்ரதுக்குப் பாறணை இல்லை அம்மா. எப்பிடித் தொடங்கிறது எண்டு எல்லாப் புத்தகத்திலயும் கிடக்கு. எப்ப முடியும் எண்டு ஒருத்தரும் எழுதேல்லை."

"எனக்கும் இல்லையடி பிள்ளை" எண்டன். எனக்கு அழுகை வந்திட்டுது. இத்தினை வருசமா வெள்ளிக்கு வெள்ளி பட்டினி கிடந்த நான், ஒரு சனிக்கிழமை கூடப் பாறணை எண்டு இலை போட்டுச் சாப்பிடேல்லை. பொல்லாத பயம்தான் ரெண்டு பேருக்கும், ஒரே பயம்.

நாளைக்கு முடிப்பம் எண்டு முடிவெடுத்தம். அண்டைக்கு அவள் மெழுகுதிரி கொளுத்தேல்லை. குழுவுக்கு, நான் லீவில நிக்கிறன், திரும்பி வாற நாள் தெரியாது எண்டு எழுதிப்போட்டு போனை என்ர கையில தந்தாள். நான் அம்மன் படத்துக்கு முன்னால போய், தாயே, நீ தந்தது போதும், நான் வெள்ளியை விடுறன், குறை நினைக்காதை எண்டு சொன்னன்.

பேந்து மச்சாளுக்குப் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டன். எல்லாத்தையும் கேட்டிட்டு, "பாறணைக்கு அகத்தி வேணுமெல்லே, கடையில வாங்கிக்கொண்டு வாறன். அதுக்காக உம்மை மன்னிச்சிட்டன் எண்டு நினையாதையும்" எண்டா.

6

சனி விடிய முழுகிப்போட்டு அடுப்பை மூட்டினன். அகத்தி வறை, பூசணிக்காய்க் கறி, வாழைக்காய், பருப்பு, ரசம், பாயாசம். ஐஸ் பெட்டியில கிடந்த வாழையிலையைச் சுடுதண்ணியில போட்டு எடுத்தன். அபி தேங்காய் திருவினாள். மச்சாள் கதிரையில இருந்துகொண்டு கறிக்கு உப்புப் பத்தாது எண்டு சொல்லிக்கொண்டிருந்தா. இலை போட்டு, சோறு போட்டு, கையை வைக்கப் போறம், வாசல் கதவு ஓட்டைக்குள்ளால கடிதம் விழுந்த சத்தம் கேட்டது.

இவர் எடுத்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி முத்திரை. ஸ்கான் மறுமொழி.

அபியின்ர முகத்தில ரத்தமில்லை. கையை இலையில இருந்து எடுத்திட்டாள். "ஸ்கான் எடுக்கேக்க ஜார் இருந்தது. அப்ப நல்லதெண்டால் அது ஜாரால. கூடாதெண்டால், ஜாரைக் கொட்டினதால."

"அப்ப அந்தக் கடிதத்தால உனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. சாப்பிடு" எண்டன்.

வாயால சொல்லிப்போட்டன். உள்ளுக்க எனக்கு என்ன நடந்ததெண்டு அம்மனுக்குத்தான் தெரியும். நேற்றுத்தான் வெள்ளியை விட்டன், இண்டைக்கு கடிதம் வந்து நிக்குது. இலையைத் தள்ளிப்போட்டு, இல்லை தாயே, விடேல்லை, சும்மா சொன்னனான் எண்டு கத்த வேணும் போல கிடந்தது. அபி என்ர கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சாப்பிட்டால்தான் அவள் சாப்பிடுவாள். அகத்தியும் சோறும் குழைச்சு முதல் வாயை வைச்சன். கைத்தது. விழுங்கினன். அபியும் ஒரு வாய் வைச்சாள்.

பேந்து ரெண்டாம் முறை சோறு கேட்டாள். மூண்டாம் முறை பாயாசம். மச்சாள், "சூனியக்காறிக்கு நல்ல பசி" எண்டா. நான் திடுக்கிட்டு அபியைப் பார்த்தன். அவள் வாய் நிறையச் சோறோட சிரிச்சாள்.

கை கழுவினவள் முன்னறைச் செற்றியில சரிஞ்சாள். நான் கோப்பை கழுவிப்போட்டு வர, பிள்ளை வாயைத் திறந்தபடி நித்திரை. இவர் கடிதத்தைப் பிரிக்கக் கையை வைச்சார். பறிச்சு என்ர மடியில வைச்சன். அவள் எழும்பினாப் பிறகு சேர்ந்து உடைப்பம் எண்டு சொன்னன். மச்சாள் சத்தமில்லாமல் கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனா.

மூண்டு மணி ஆச்சு, நாலு மணி ஆச்சு. ரயில் போச்சு, வந்துது. என்ர உயிர் இருக்கோ இல்லையோ எண்ட கடிதம் ஒட்டினபடி என்ர மடியில கிடந்தது. என்ர பிள்ளை எனக்குக் காவல் இருக்காமல் குறட்டை விட்டாள். நான் எழுப்பேல்லை.